வெனிஸ் மாளிகைகளும் கருப்பு வெள்ளைப் படங்களும்

வெனிஸ் நகர் இத்தாலி தேசத்தின் வடகீழ்ப் பாகத்தில், உப்பங்கழியொன்றின் நடுவே, நூற்றுக்கு மேற்பட்ட சிறு தீவுகளின்மீது அமைந்துள்ளது. வண்டி செல்லும் பெருந்தெருக்களின் காரியத்தை அங்கே கால்வாய்களே செய்கின்றன. சேற்றில் நெருக்கி அறையப்பட்ட மரமுளைகள் கீழே. அவற்றின்மேல் உவர்நீரைத் தாங்கவல்ல இஸ்திரியா நாட்டு வெண்கல். அதற்கும் மேல் செங்கற் சுவர். இவ்வாறு எழும்பியவை அந்நகரத்து மாளிகைகள். வண்ணப்படங்கள் மலிந்த இக்காலத்தில் அவற்றைப் பழைய கருப்பு வெள்ளைப் படங்களிற் காண்பதனால் ஆவதென்ன என்று நாமும் ஒருகால் எண்ணியதுண்டு. அவ்வெண்ணம் பிழையென்பதையே ஈண்டு விளக்கப் புகுந்தோம்.

1845ஆம் ஆண்டில் ஜான் ரஸ்கின் என்னும் ஆங்கில அறிஞர் வெனிஸ் சென்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. பெருங்கால்வாயின் கரையிலுள்ள ‘கா தோரோ’ என்னும் பொன்மாளிகையை அவர் ஒருபுறம் சித்திரமாக எழுதிக்கொண்டிருக்க, மறுபுறம் வேலையாட்கள் அதன் பழஞ்சுவர்களை இடித்துக்கொண்டிருந்தனர். எழுதுகோலினும் சம்மட்டி விரைவுடையதன்றோ! மனம் நொந்திருந்த அவர், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம், தாகேர் என்பார் கண்ட முறையில் எடுத்த படங்கள் சிலவற்றை விலைக்கு வாங்கினார். வெள்ளி பூசிய செப்புத் தகட்டினை அயோடின் ஆவியிற் காட்டி, காமிராவில் வைத்து ஒளிபடச் செய்து, பாதரச ஆவியால் உருவை வெளிப்படுத்துதல் அம்முறையாம். ஒரு தகட்டுக்கு ஒரே படம். கண்ணாடியிற் காண்பதுபோல் இடம் வலமாகவும் மாறித் தோன்றும். ஆயினும் ஒவ்வொரு கல்லின் வெடிப்பும் கறையும் அதிற் பதிந்திருக்கக் கண்டு ரஸ்கின் களிகூர்ந்தார். 1851 முதல் 1853 வரை மூன்று பாகங்களாக வெளிவந்த ‘வெனிஸ் நகரக் கற்கள்’ என்னும் அவர் நூலுக்கு இத்தகடுகள் துணைபுரிந்தன. அவருடைய தகடுகள் பல நெடுநாள் மறைந்திருந்து, 2006ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடபகுதியில் நடந்த ஓர் ஏலத்தில் வெளிப்பட்டன.

பின்வந்தது கண்ணாடித் தகட்டு முறை. கொலோடியன் என்னும் பசைநீரைக் கண்ணாடியிற் பூசி, வெள்ளி உப்பில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்துக் கழுவ வேண்டும். ஆதலின் வெளியே படமெடுக்கச் சென்றோர் இருட்டறையையும் உடன்கொண்டு திரிந்தனர். 1857 முதல் வெனிஸில் தொழில் நடத்திய கார்லோ நாயா இத்துறையிற் பெயர்பெற்றவர். இத்தகடு நீலவொளியை விரைவில் ஏற்கும். செந்நிறத்தை ஏறக்குறைய ஏற்பதேயில்லை. எனவே நீலவானம் வெறும் வெண்மையாகும், செங்கல் கருக்கும், வெண்கற் சாளரமோ அக்கருமையின் நடுவே பளிச்சென்று பிரிந்து நிற்கும். தோஜே என்னும் நகரத் தலைவரின் அரண்மனைச் சுவரில், இளஞ்சிவப்பும் வெண்மையுமான கற்கள் பின்னிய கோலமும் அவ்வாறே தெளிவுறும். நிறம் நீங்க வடிவம் வெளிப்பட்டது. ஆனால் பரிசுத்த மாற்கு ஆலயத்தின் பொற்சித்திரங்களைக் காண விரும்புவோர் இப்படங்களை நாடற்க. பொன் அங்கே சாம்பலாகிவிடும். நெடுநேரம் ஒளிபட வேண்டியிருந்தமையால், ஓடும் படகும் நடக்கும் மனிதரும் மறைந்து, அலைநீர் பளிங்குத் தரைபோலாயிற்று. வெனிஸை ஆளற்ற நகராக அயலார் கனாக்கண்டதற்கு இதுவும் ஒரு காரணம்போலும்.

பெருங்கால்வாயில் ‘துருக்கியர் பண்டசாலை’ என்றொரு பழங்கட்டடம் உண்டு. 1860க்குப்பின் அதனைப் புதுப்பித்தோர் பெரும்பாலும் புதிதாகவே கட்டி, இருபுறமும் சிறு கோபுரங்களையும் எழுப்பினர். இன்று இயற்கைப்பொருட் காட்சிசாலையாக விளங்கும் அதனைக் காண்போர், பழமையைக் கண்டோமென மகிழ்ந்து செல்வர். சிதைந்து நின்ற அதன் மெய்யுருவை வேலை தொடங்குமுன் எடுத்த படங்களிலேயே காணலாம். அப்படங்களும் இல்லையாயின், புதுக்கல்லைப் பழங்கல்லென நாம் நம்பியிருப்போம்.

எனினும் படமும் பொய்யுரைக்கும். நாயாவின் புகழ்பெற்ற நிலவொளிக் காட்சிகள் பகலில் எடுத்து, இருளச் செய்து, நீலமூட்டி, மதியையும் முகிலையும் சேர்த்தவையே. மாற்கு ஆலயத்து மணிக்கோபுரம் 1902ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் காலையில் இடிந்து வீழ்ந்தது. மாண்டது காவலாளியின் பூனை ஒன்றே என்பர். அது முன்னிருந்த இடத்திலேயே, முன்னிருந்தவாறே மீண்டும் கட்டப்பட்டு, 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் திறக்கப்பட்டது. கோபுரம் சரியும் கணத்தையே காட்டுவதாக ஒரு படம் ஊரெங்கும் விலைபோயிற்று, அஃது ஒட்டுவேலை. அன்று மெய்யாகவே எடுத்த படங்களில் இருப்பவை, சதுக்கத்தில் மலைபோற் குவிந்த செங்கல்லும், அதனைப் பார்த்து நிற்கும் மக்களுமே.