ஒன்டிரைவ்: பைல்களை இழக்காமல் நிறுத்துவது எப்படி?

புதிதாக விண்டோஸ் 11 கம்ப்யூட்டர் வாங்கிய பலருக்கும் சில மாதங்களில் திரையின் ஓரத்தில் ஒரு செய்தி வருகிறது. "உங்கள் ஒன்டிரைவ் நிரம்பிவிட்டது, கூடுதல் இடம் வாங்குங்கள்" என்பது அதன் சாரம். "512 ஜிபி டிஸ்க் உள்ள கம்ப்யூட்டர் ஆயிற்றே, அதற்குள் எப்படி நிரம்பியது?" என்று தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பார்கள். நான் சாப்ட்வேர் இன்ஜினியர் என்பதால் அடிக்கடி வரும் கேள்வி இது. நிரம்பியது உங்கள் டிஸ்க் அல்ல. இன்டர்நெட்டில் உங்களுக்கென மைக்ரோசாப்ட் ஒதுக்கியிருக்கும் இடம்தான் நிரம்பியுள்ளது.

இதைக் கேட்டதும் பலரும் செய்வது, ஒன்டிரைவை உடனே நீக்கிவிடுவது. நிறுத்துவதில் தவறில்லை. ஆனால் எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்ற வரிசை மிக முக்கியம். வரிசை மாறினால் குடும்பப் போட்டோக்களும் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் பைல்களும் காணாமல் போனதுபோல் ஆகிவிடும்.

ஒன்டிரைவ் என்ன செய்கிறது?

2007ல் ஸ்கைடிரைவ் என்ற பெயரில் வந்த சேவை இது. பிரிட்டனின் பிஸ்கைபி டிவி நிறுவனத்துடன் பெயர் குறித்து ஏற்பட்ட வழக்கிற்குப் பின், 2014ல் ஒன்டிரைவ் எனப் பெயர் மாறியது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் சிஸ்டத்துடனேயே சேர்ந்து வருகிறது. இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி மட்டுமே.

மைக்ரோசாப்ட் அக்கவுன்ட் கொடுத்துக் கம்ப்யூட்டரைத் தயார் செய்திடும்போது, டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய மூன்று போல்டர்களும் ஒன்டிரைவ் போல்டருக்குள் சென்றுவிடலாம். அதன் பிறகு டெஸ்க்டாப்பில் நீங்கள் வைக்கும் ஒவ்வொரு பைலும் இன்டர்நெட்டிற்கும் செல்லும். செல்போனில் எடுத்த வீடியோக்களைப் பிக்சர்ஸ் போல்டரில் போட்டால், 5 ஜிபி எத்தனை நாளைக்கு வரும்?

இன்னொன்றும் உண்டு. நீங்கள் அவுட்லுக் டாட் காம் அல்லது ஹாட்மெயில் முகவரி பயன்படுத்தினால், மெயிலுடன் வரும் இணைப்புகளும் 2023 பிப்ரவரி முதல் இதே இடத்தில்தான் கணக்கிடப்படுகின்றன. இடம் நிரம்பினால் மெயில் அனுப்புவதும் பெறுவதும் தடைப்படும்.

பேக்கப் வேறு, ஸிங்க் வேறு

செட்டிங்ஸில் இதற்கு "பேக்கப்" என்றே பெயர் தரப்பட்டுள்ளது. ஆனால் உள்ளே நடப்பது ஸிங்க், அதாவது இரு இடங்களையும் ஒன்றுபோல் வைத்திருப்பது. "இன்டர்நெட்டில்தான் காப்பி இருக்கிறதே, கம்ப்யூட்டரில் இருப்பதை அழித்து இடம் பிடிப்போம்" என்று நினைத்து டெலீட் செய்தால் இரண்டு இடத்திலும் பைல் போய்விடும். தனிநபர் அக்கவுன்ட்டில் அது ஒன்டிரைவின் ரீசைக்கிள் பின்னில் 30 நாட்கள் வரை இருக்கும். அதற்குள் மீட்டுக்கொள்ளலாம்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. பைலின் பெயர் கம்ப்யூட்டரில் தெரியும், பைல் மட்டும் இன்டர்நெட்டில் இருக்கும். பைல் எக்ஸ்புளோரரில் காணும் சிறு அடையாளங்கள் இதைக் காட்டும்:

* நீல மேகம்: பைல் இன்டர்நெட்டில் மட்டுமே உள்ளது.
* வெள்ளை வட்டத்தில் பச்சை டிக்: திறந்ததால் இப்போது கம்ப்யூட்டரிலும் உள்ளது.
* முழுப் பச்சை வட்டத்தில் வெள்ளை டிக்: எப்போதும் கம்ப்யூட்டரில் இருக்கும்.

நீல மேகம் உள்ள நிலையில் இணைப்பைத் துண்டித்தால், அந்த பைல்கள் கம்ப்யூட்டரில் தெரியாது. அதனால்தான் வரிசை முக்கியம் என்றேன்.

நிறுத்தும் முறை

1. முதலில் டாகுமென்ட்ஸ் போல்டரில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் திறந்து, லொகேஷன் என்ற இடத்தைப் பாருங்கள். அதில் ஒன்டிரைவ் என்ற பெயர் இருந்தால், உங்கள் பைல்கள் அதற்குள்தான் உள்ளன. டெஸ்க்டாப், பிக்சர்ஸ் போல்டர்களையும் இதேபோல் சோதித்திடுங்கள்.

2. பைல் எக்ஸ்புளோரரின் இடப்பக்கத்தில் உள்ள ஒன்டிரைவ் பெயரில் ரைட் கிளிக் செய்து, "ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். எல்லா பைல்களும் கீழே இறங்கும். நீல மேகம் ஒன்றுகூட இல்லாமல், எல்லாம் முழுப் பச்சை வட்டமாக மாறும்வரை காத்திருங்கள். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இருந்தால் டேட்டா வேகமாகத் தீரும் என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள்.

3. இப்போது ஒன்டிரைவ் போல்டர் முழுவதையும் ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ காப்பி செய்திடுங்கள். அதிலிருந்து நான்கைந்து பைல்களைத் திறந்து பாருங்கள். இந்தப் படியைத் தாண்டிச் செல்லாதீர்கள்.

4. டாஸ்க்பாரின் வலது ஓரத்தில் உள்ள மேக ஐகானில் கிளிக் செய்து, பற்சக்கரம் போன்ற அடையாளம் வழியே செட்டிங்ஸ் செல்லுங்கள். "ஸிங்க் அண்ட் பேக்கப்" பிரிவில் "மேனேஜ் பேக்கப்" கிளிக் செய்து, மூன்று போல்டர்களுக்கும் பேக்கப்பை நிறுத்துங்கள். பைல்களை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தால், கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுங்கள்.

5. இந்தக் கட்டத்தில் டெஸ்க்டாப் வெறிச்சோடிப் போகலாம். பயப்பட வேண்டாம். பைல்கள் ஒன்டிரைவ் போல்டருக்குள் இருக்கும். அங்கிருந்து அவற்றை வழக்கமான டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் போல்டர்களுக்குக் காப்பி செய்திடுங்கள். கட் செய்ய வேண்டாம். கட் செய்தால், இன்டர்நெட்டில் உள்ள பிரதியும் நீங்கிவிடும்.

6. எல்லாம் வந்துவிட்டது என்று உறுதியான பின், மீண்டும் ஒன்டிரைவ் செட்டிங்ஸில் "அக்கவுன்ட்" பிரிவில் "அன்லிங்க் திஸ் பிசி" கிளிக் செய்திடுங்கள். இத்துடன் ஸிங்க் நின்றுவிடும். இன்டர்நெட்டில் உள்ள பைல்கள் அப்படியே இருக்கும். பிரவுசர் மூலம் அவற்றைப் பார்க்கலாம், வேண்டாதவற்றை அங்கேயே அழிக்கலாம்.

7. புரோகிராமே வேண்டாம் என்றால், விண்டோஸ் செட்டிங்ஸில் "ஆப்ஸ்", "இன்ஸ்டால்டு ஆப்ஸ்" சென்று, மைக்ரோசாப்ட் ஒன்டிரைவை அன்இன்ஸ்டால் செய்திடலாம். விண்டோஸ் 10ல் இப்பகுதியின் பெயர் "ஆப்ஸ் அண்ட் பீச்சர்ஸ்".

வேர்ட், எக்ஸெல் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். அவை புதிய பைல்களை ஒன்டிரைவிலேயே சேமிக்க முற்படலாம். பைல் மெனுவில் "ஆப்ஷன்ஸ்", அதில் "சேவ்" சென்று, "சேவ் டு கம்ப்யூட்டர் பை டீபால்ட்" என்பதில் டிக் செய்திடுங்கள்.

முழுவதும் நிறுத்தத்தான் வேண்டுமா?

உங்கள் தொல்லை டேட்டா செலவு மட்டும் என்றால், மேக ஐகானில் கிளிக் செய்து ஸிங்க்கை 2, 8 அல்லது 24 மணி நேரத்திற்கு நிறுத்தி வைக்கலாம். ஹாட்ஸ்பாட் இணைப்பை வை-பை செட்டிங்ஸில் "மீட்டர்டு" எனக் குறித்தாலும் ஒன்டிரைவ் தானே நின்றுகொள்ளும். தொல்லை இடப் பற்றாக்குறை என்றால், பிக்சர்ஸ் போல்டரை மட்டும் நீக்கிவிட்டு டாகுமென்ட்ஸை விட்டுவையுங்கள். சாதாரண வேர்ட் பைல்களுக்கு 5 ஜிபி தாராளம். டிஸ்க்கில் இடம் வேண்டுமென்றால் டெலீட் செய்யாதீர்கள். பைலில் ரைட் கிளிக் செய்து "ப்ரீ அப் ஸ்பேஸ்" தேர்ந்தெடுத்தால், கம்ப்யூட்டரில் மட்டும் இடம் காலியாகும்.

ஸிங்க் முழுமையான பேக்கப் இல்லை என்றாலும், லேப்டாப் திருடு போனாலோ டிஸ்க் பழுதானாலோ, இன்டர்நெட்டில் உள்ள பிரதி கைகொடுக்கும். ஒன்டிரைவை நிறுத்திவிட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை. அந்தப் பொறுப்பு இனி உங்களுடையது. ஆகவே மூன்றாம் படியில் பயன்படுத்திய எக்ஸ்டர்னல் டிஸ்க்கைப் பத்திரமாக வைத்து, மாதம் ஒரு முறை புதிய பைல்களை அதில் காப்பி செய்திடுங்கள். காப்பி முடிந்ததும் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிவிடுங்கள். கழற்றி வைத்த டிஸ்க்கை வைரஸ் தொட முடியாது.