தாத்தாவுக்குப் பெயர் இல்லாத இரண்டு நாள்

கடந்த டிசம்பரில் என் தாத்தா இரண்டு நாள் பெயர் இல்லாமல் இருந்தார்.

காலையில் தேநீர் குடிக்கக் கிளம்பியவர் வழியில் மயங்கி விழுந்திருக்கிறார். யாரோ ஆம்புலன்சை அழைத்திருக்கிறார்கள். சட்டைப் பையில் மூன்று வெள்ளியும் ஒரு வெற்றிலைப் பொட்டலமும்தான் இருந்தன. அடையாள அட்டை வீட்டில், மைலோ டின்னுக்குள். தொலைந்துவிடக் கூடாது என்று அவரே அங்கே பத்திரப்படுத்தியிருந்தார். நாங்கள் கடை கடையாகத் தேடி, போலீசில் புகார் கொடுத்து, மூன்றாம் நாள் காலையில் அவரைக் கண்டுபிடித்தோம். அவர் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையில் ‘அடையாளம் தெரியாத ஆடவர்’ என்று மலாயில் எழுதியிருந்தது.

தாத்தா ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர். தலையில் அடிபட்ட ஒருவரைப் பற்றி மருத்துவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது. பரிசோதனையில் ரத்தம் உறைய நேரமாவது தெரியவரும். ஆனால் காரணத்தைச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

“மைகார்டுக்குக் கட்டைவிரல் ரேகை எடுத்திருக்காங்களே, விரலை வெச்சுப் பார்த்தா தெரிஞ்சிருக்காதா?” என்று வார்டில் இருந்த தாதி அக்காவிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அவர் பொறுமையாக, “விரலை வைக்கலாம் தங்கச்சி. எதோட ஒத்துப் பார்க்கறது? கார்டு இல்லையே” என்றார்.

கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் எனக்கு அது உறைத்திருக்க வேண்டும். கைரேகையிடம் இரண்டு கேள்விகள் கேட்கலாம். ‘இவர் இன்னார்தானா?’ என்பது ஒன்று. வங்கி முகப்பில் நடப்பது அதுதான். 2001இல் அறிமுகமான மைகார்டின் சில்லில் இரண்டு கட்டைவிரல்களின் ரேகைக் குறிப்புகளும் இருக்கின்றன. ரேகைக் கோடுகள் எங்கே முடிகின்றன, எங்கே இரண்டாகப் பிரிகின்றன என்ற புள்ளிகளின் வரைபடம் அது. கருவி அதை உங்கள் விரலோடு ஒப்பிடுகிறது, அவ்வளவுதான்.

‘இவர் யார்?’ என்பது இரண்டாவது கேள்வி. அதற்கு ஒரு விரலை லட்சக்கணக்கான விரல்களோடு ஒப்பிட வேண்டும். அந்தக் களஞ்சியம் தேசியப் பதிவிலாகாவிடம் இருக்கிறது, மருத்துவமனை முகப்பில் இல்லை. எனவே போலீசும் பதிவிலாகாவும் உதவ வேண்டும். வாரிசுகளைத் தேடும் வேலை பெரும்பாலும் மருத்துவச் சமூகப் பணியாளர்களின் தலையில் விழுகிறது. பத்திரிகையில் மங்கலான படத்தோடு ‘உறவினர் தொடர்பு கொள்ளவும்’ என்று வரும் சிறிய செய்தியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் இதுவரை அதைப் படிக்காமல் பக்கத்தைப் புரட்டியவள்.

களஞ்சியத்தில் தேடினாலும் எல்லாரும் கிடைப்பதில்லை. மைகார்டு 12 வயதில்தான் எடுக்கிறோம். அதற்குக் கீழ் உள்ள பிள்ளைகளின் மைகிட் அட்டையில் ரேகை கிடையாது. வெளிநாட்டுத் தொழிலாளர்களின் ரேகை குடிநுழைவுத் துறையிடம் தனியாக இருக்கிறது. பிறப்புப் பத்திரமே இல்லாமல் வளர்ந்தவர்கள் நம் சமூகத்திலேயே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மயங்கி விழுந்தால் எந்தக் கருவியும் பெயர் சொல்லாது. தாத்தாவாவது இரண்டு நாள்தான் பெயரில்லாமல் இருந்தார்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ரேகை தாயின் வயிற்றிலேயே உருவாகி ஆயுள் முழுக்க மாறாமல் இருக்கும், இரட்டையருக்கும் வேறுபடும் என்று படிக்கிறோம். ஆனால் அது தேயும். சிமெண்டில் வேலை செய்பவர்கள், காலமெல்லாம் கையால் உழைத்தவர்கள் விரலை வைத்தால் கருவி பல நேரம் தடுமாறும். மருந்தாலும் ரேகை அழியலாம். கேபசிட்டபைன் என்ற புற்றுநோய் மருந்தை எடுத்துக்கொண்டிருந்த 62 வயது சிங்கப்பூரர் ஒருவரை 2008 டிசம்பரில் அமெரிக்க விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். அவர் விரல்களில் ரேகை இல்லை. அவருக்குச் சிகிச்சையளித்த சிங்கப்பூர் மருத்துவர் 2009இல் மருத்துவ இதழ் ஒன்றில் இதை எழுதினார். அந்த மருந்து எடுப்பவர்கள் பயணம் போகும்போது மருத்துவரின் கடிதத்தைக் கையில் வைத்திருப்பது நல்லது என்றும் அதில் சொல்லியிருந்தார்.

அப்படியானால் கண்ணின் கருவிழியைப் படம் பிடிக்கலாமே? சிங்கப்பூர் 2017 முதல் அடையாள அட்டைப் பதிவின்போது அதையும் சேகரிக்கிறது. மயங்கிக் கிடப்பவரின் இமையை விலக்கிப் படம் எடுப்பது எளிதா என்பது வேறு விஷயம். சுயநினைவில்லாத ஒருவரின் உடலிலிருந்து தகவல் எடுக்க யார் அனுமதி தருவது என்று என் வகுப்புத் தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான். உயிர் காக்க எடுத்த ரேகை அந்த வேலை முடிந்ததும் வேறு எதற்கும் போகக் கூடாது என்று சட்டத்தில் இருந்தால் நான் சம்மதிப்பேன். வார்டில் அந்தப் பட்டையைப் பார்ப்பதற்கு முன் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேனோ என்னவோ.

தாத்தா தேறி வந்த பிறகு அவரை வங்கிக்கு அழைத்துப் போனேன். வலது கட்டைவிரலை வைத்தார், ஒத்துவரவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். இடது விரலும் அப்படியே. முப்பது வருடம் பால்மரம் சீவிய கை. “மரத்துல விட்டுட்டு வந்துட்டேன் போல” என்று முகப்பில் இருந்த பெண்ணிடம் தமிழில் சொல்லிச் சிரித்தார். அந்த மலாய்க்காரப் பெண்ணுக்குப் புரியவில்லை. அட்டையில் இருந்த படத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு பாரத்தை நீட்டினார்.

இப்போது அவருடைய எல்லாச் சட்டைப் பைகளிலும் பெயர், என் தொலைபேசி எண், ‘வார்ஃபரின் சாப்பிடுகிறார்’ என்ற வரி மூன்றும் எழுதிய அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். போன வாரம் சட்டையைத் துவைக்க எடுத்தபோது ஓர் அட்டையைக் காணவில்லை. மைலோ டின்னைத் திறந்து பார்த்தேன். அங்கே இருந்தது.