போனில் சனி, கம்ப்யூட்டரில் வியாழன்

சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் எங்கள் பிளாக்கில் பன்னிரண்டு வீடுகள். சங்கச் செயலாளர் பொறுப்பு என் தலையில். சம்ப் கழுவும் நாள், லிஃப்ட் சர்வீஸ், கோடையில் தண்ணீர் லாரி முறை எல்லாவற்றையும் போனில் கூகுள் காலண்டரில் போட்டு வைப்பேன். நோட்டீஸ் அடிப்பது வீட்டுக் கம்ப்யூட்டரில், தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருளில் உள்ள காலண்டரைப் பார்த்து.

போன கோடையில் ஒரு வியாழக்கிழமை சம்ப் கழுவ ஏற்பாடு. அன்றைக்கு அமாவாசை, ஆள் வரமாட்டார் என்று தெரிந்ததும் சனிக்கிழமைக்குத் தள்ளினேன். மாற்றியது போனில். கம்ப்யூட்டர் வியாழன் என்றே காட்ட, நோட்டீஸும் அப்படியே லிஃப்ட் கதவில் ஏறியது. வியாழன் காலை குக்கர் முதல் அண்டா வரை தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு எல்லா வீடும் காத்திருந்தது. “என்ன சார், செயலாளரே தேதியைக் குழப்பினா எப்படி?” என்றார் மூன்றாம் மாடி மாமி.

கம்ப்யூட்டர் மேல் பழி போட வழியில்லை. கூகுளிலிருந்து காலண்டரை ஐசிஎஸ் என்ற வகைக் கோப்பாக இறக்கித் தண்டர்பேர்டில் திறந்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். அது ஜெராக்ஸ். அசலில் பிறகு எதைத் திருத்தினாலும் ஜெராக்ஸுக்குத் தெரியாது.

இதைவிட மேல், சந்தா. கூகுள் காலண்டரின் அமைப்புகளில் ஒவ்வொரு காலண்டருக்கும் ஒரு ரகசிய முகவரி உண்டு. அதைத் தண்டர்பேர்டில் கொடுத்தால், அவ்வப்போது போய்ப் புதியதை எடுத்து வரும். ஆனால் வீட்டுக்கு வரும் செய்தித்தாளில் நாம் பேனாவால் திருத்தினால் அச்சகத்தில் மாறுமா? அப்படித்தான் இதுவும், படிக்க மட்டுமே. அந்த முகவரி யார் கையில் கிடைத்தாலும் நம் காலண்டரைப் படிக்கலாம் என்பதால் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். போட்டுவிட்டால், பழையதை ரத்து செய்து புது முகவரி வாங்க அங்கேயே வழி உண்டு.

எனக்கு வேண்டியிருந்தது இருபக்கப் போக்குவரத்து. அதற்கான பொது நெறி கால்டேவ், 2007-இல் வந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனி அடையாளம். திருத்தினால் அதன் பதிப்புக் குறியும் மாறும். மென்பொருள் போய் “எது மாறியிருக்கிறது?” என்று கேட்டு, மாறியதை மட்டும் வாங்கிக்கொள்ளும், நாம் மாற்றியதைக் கொடுத்துவிட்டும் வரும்.

தண்டர்பேர்டில் 2020-இல் வந்த 78-ஆம் பதிப்பு முதல் காலண்டர் உள்ளேயே இருக்கிறது. புதிய காலண்டர், நெட்வொர்க்கில் உள்ளது என்று தேர்ந்து ஜிமெயில் முகவரியைக் கொடுத்தால், கூகுளின் உள்நுழைவுப் பக்கம் திறக்கும். அனுமதித்து, வேண்டிய காலண்டர்களில் டிக் அடித்தால் போதும். முதலில் பழைய ஜெராக்ஸை அழித்துவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு லாரியும் இரண்டு முறை வரும், திரையில் மட்டும். பழைய அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கு இந்த இருபக்க வசதி நேரடியாகக் கிடையாது. சந்தாவோடு திருப்திப்பட வேண்டும்.

தேதி சரியாக வந்தும் மணி தப்பலாம். எங்கள் ஐசிஎஸ் கோப்பை நோட்பேடில் திறந்தேன். காலை 10 மணி நிகழ்ச்சிக்கு 043000 என்றிருந்தது, வாலில் இசட் என்ற எழுத்து. உலகப் பொது நேரம் என்பதற்கான குறி அது. ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் 10 மணி. கம்ப்யூட்டரில் நேர மண்டலம் தவறாக இருந்தால் கூட்டல் தப்பிவிடும். விண்டோஸ் பட்டியலில் சென்னை பெயர் உண்டு, தண்டர்பேர்டில் கொல்கத்தாதான், இரண்டும் ஒன்றே. இந்த ஐந்தரையும் எப்போதும் இருந்ததல்ல. ஒரு காலத்தில் இந்திய ரயில்கள் ஓடியது மெட்ராஸ் நேரத்தில். கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால். 1906 ஜனவரி 1 முதல் வந்த இந்தியப் பொது நேரம் அதைவிட 8 நிமிடம் 46 விநாடி கூடுதல்.

இப்போது போனில் மாற்றினால் கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டரிலும் மாறுகிறது. அவசரமென்றால் ஒத்திசைக்கும் பட்டனைத் தட்டுகிறேன். பிடிபடாதது அமாவாசைதான். வாரா வாரம், மாதா மாதம் என்று திருப்பிப் போட காலண்டருக்குத் தெரியும், திதி தெரியாது. ஹாலில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் பார்த்து ஒவ்வொன்றாக நானே போட்டுக்கொள்கிறேன்.