முதலில் மூக்கு, கடைசியில்தான் கண்

மழையில் நனைந்து கத்திக்கொண்டிருந்த குட்டியைப் பிள்ளைகள் தூக்கி வந்திருப்பார்கள். துண்டால் துவட்டி, நடுக்கூடத்தில் இறக்கிவிட்டு, வீட்டில் பத்து வருடமாக இருக்கும் பூனையைப் பார்த்து, "பாருடா, உனக்குத் தம்பி வந்திருக்கான்" என்று அறிமுகமும் செய்துவைத்திருப்பார்கள். பெரிய பூனை முதுகைத் தூக்கும், சீறும், பீரோ மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மறுநாள் சாப்பாட்டைத் தொடாது. "பொறாமை" என்று வீட்டில் ஒருமனதாகத் தீர்ப்பாகிவிடும்.

பூனைகளின் நடத்தையை ஆராய்பவர்கள் இதை வேறு விதமாகப் படிக்கிறார்கள். அந்தப் பூனையின் கண்ணில் தம்பி யாரும் படவில்லை. முன்பின் அறியாத வாடையோடு ஓர் அந்நியப் பிராணி, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், தன் எல்லைக்கு நடுவே வந்து நிற்கிறது. சீறலுக்கும் பட்டினிக்கும் காரணம் பயம். காரணம் பயம் என்று தெரிந்துவிட்டால், செய்ய வேண்டிய காரியங்களும் மாறிவிடும்.

தனியாக வேட்டையாடியதன் வாரிசு

வீட்டுப் பூனையின் மூதாதை, மேற்கு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் லிபிகா என்ற காட்டுப்பூனை. கார்லோஸ் டிரிஸ்கால் தலைமையிலான குழு 979 பூனைகளின் மரபணுக்களை ஒப்பிட்டு, 2007-ல் 'சயின்ஸ்' இதழில் இதை உறுதிப்படுத்தியது. இந்தக் காட்டுப்பூனை தனியாகத் திரியும், தனியாக வேட்டையாடும். அதன் இரை எலி, சிறு பறவை அளவில்தான் இருக்கும். ஒரு வேளைக்கு ஒரு வாய்க்குத்தான் காணும். அதைப் பங்கு போட்டுக்கொள்ளக் கூட்டாளி எதற்கு?

ஆனால் வீட்டுப் பூனைக்குக் கூட்டு வாழ்க்கை அறவே தெரியாது என்றும் சொல்ல முடியாது. மீன்பிடித் துறைமுகம், பண்ணை என்று தீனி நிறையக் கிடைக்கும் இடங்களில் பூனைகள் கூட்டமாகவே வாழ்கின்றன. அந்தக் கூட்டங்களைக் கவனித்த ஆய்வாளர்கள் கண்டது, அவற்றின் மையத்தில் இருப்பவை பெரும்பாலும் உறவுக்காரப் பெண் பூனைகள் என்பதை. தாயும் மகளும் அக்கா தங்கைகளும் சேர்ந்து குட்டி வளர்க்கின்றன. ஒன்றின் குட்டிக்கு மற்றது பால் கொடுப்பதும் உண்டு. வெளிப்பூனை வந்தால் விரட்டுகின்றன. மிக மெதுவாக, பல நாட்கள் ஓரத்திலேயே சுற்றித் திரிந்த பிறகுதான் புதியதொன்று உள்ளே வர முடிகிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. ஓநாய்க் கூட்டத்திலிருந்து வந்த நாய்க்கு, சண்டைக்குப் பின் சமாதானம் செய்துகொள்ளப் பல வழிகள் தெரியும். பூனையிடம் அந்தச் சரக்கு மிகக் குறைவு. பிடிக்காதவனைக் கண்டால் விலகிப் போவதுதான் அதற்குத் தெரிந்த ஒரே சமாதானம். அறுநூறு சதுர அடி ஃபிளாட்டில் எங்கே விலகிப் போவது?

அதனால்தான் முதல் சந்திப்புக்கு இத்தனை மதிப்பு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஏற்கெனவே பூனை இருக்கும் வீட்டுக்குக் காப்பகத்திலிருந்து இன்னொரு பூனையைக் கொண்டுபோனவர்களிடம் விசாரித்து, 2005-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏறக்குறைய பாதி வீடுகளில் தொடக்கத்தில் கடியும் பிறாண்டலும் நடந்திருந்தன. முதல் சந்திப்பே மோதலாக முடிந்த வீடுகளில் பிற்பாடும் சண்டை நீடிப்பது அதிகமாக இருந்தது. "அடிச்சுக்கிட்டு அதுங்களே சரியாயிடும்" என்ற யோசனை ஆபத்தானது என்பதற்கு இது போதும்.

வாசனை என்னும் குடும்ப அட்டை

பூனையின் கன்னம், மோவாய், நெற்றி, வாலடி, பாதத்தின் அடிப்பகுதி ஆகிய எல்லா இடங்களிலும் வாசனைச் சுரப்பிகள் உண்டு. மேஜைக் காலிலும் உங்கள் முழங்காலிலும் அது கன்னத்தைத் தேய்ப்பதில் பாசம் இருக்கலாம். கூடவே தன் வாசனையையும் பூசிவிட்டுப் போகிறது. சேர்ந்து வாழும் பூனைகள் ஒன்றோடொன்று உடம்பை உரசி, ஒரு பொது வாசனையை உண்டாக்கிக்கொள்கின்றன. அதுதான் அவற்றின் குடும்ப அட்டை. அதில் பெயர் இல்லாதவர் வெளியாள்.

சில சமயம் பூனை ஒரு துணியை முகர்ந்துவிட்டு, மேலுதட்டைத் தூக்கி, வாயைப் பாதி திறந்தபடி அசையாமல் நிற்கும். முகம் சுளிப்பதுபோல் இருக்கும். அப்போது வாசனையை வாயின் மேலண்ணத்துக்கு மேலுள்ள ஜேக்கப்சன் உறுப்புக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. பிற பூனைகள் விட்டுச் சென்ற ரசாயனச் செய்திகளைப் படிப்பதற்கென்றே உள்ள உறுப்பு அது.

பூனையின் மூக்குக்கும் கண்ணுக்கும் தகராறு வந்தால் எது ஜெயிக்கும் என்பதைக் கால்நடை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். வருடக்கணக்காக ஒரே மெத்தையில் உறங்கிய இரண்டில் ஒன்றை ஊசி போட அழைத்துப் போய்த் திரும்புவீர்கள். வீட்டிலிருந்தது அதைப் பார்த்துச் சீறும், அடிக்கவும் பாயும். உருவம் அதேதான், ஆனால் மேலே வீசுவது ஆஸ்பத்திரி வாசனை. பழகிய பூனைக்கே இந்த வரவேற்பு என்றால், தெருவிலிருந்து வந்த குட்டிக்கு என்ன கிடைக்கும்? ஆகவே அறிமுகம் மூக்கில் தொடங்க வேண்டும். கண்ணின் முறை கடைசியில் வரட்டும்.

முதல் இரண்டு வாரம்: பார்க்கவே வேண்டாம்

குட்டி வந்ததும் தனி அறை. பெரிய பூனை அதிகம் புழங்காத அறையாக இருக்கட்டும். அது வழக்கமாகத் தூங்கும் அறையைப் பறித்துக் கொடுத்தால் பகை அன்றே தொடங்கிவிடும். இப்படிப் பிரித்து வைப்பதில் உடல்நலக் காரணமும் இருக்கிறது. தெருக்குட்டி உண்ணி, குடற்புழு, படைநோய் என்று எதையும் சுமந்து வரலாம். எல்லாவற்றிலும் கொடியது பூனைகளின் பார்வோ வைரஸ் நோயான பேன்லூக்கோபீனியா. அந்தக் கிருமி தரையிலும் துணியிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். நம் கையிலும் செருப்பிலும் ஏறிப் பயணம் போகும். குட்டியை மருத்துவரிடம் காட்டி, தடுப்பூசியும் பூச்சிமருந்தும் கொடுத்து, லுகேமியா வைரஸ் பரிசோதனை தேவையா என்றும் கேட்டுக்கொள்வது நல்லது. பெரியதன் தடுப்பூசி தவணை தவறியிருந்தால் அதையும் போட்டுவிடலாம். குட்டியைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுத்தான் பெரியதைத் தொட வேண்டும்.

மருத்துவர் சரி என்றதும் வாசனைப் பரிமாற்றம். சுத்தமான மெல்லிய துணியால் குட்டியின் கன்னத்தையும் மோவாயையும் மெதுவாகத் தேய்த்து, அந்தத் துணியை நடைபாதை ஓரத்தில் போடுங்கள். பெரியதன் படுக்கையிலோ சாப்பாட்டுத் தட்டருகிலோ வேண்டாம். வந்து முகரவும், பிடிக்காவிட்டால் போகவும் அதற்கு வழி இருக்க வேண்டும். முதல் நாள் கழுத்தை நீட்டி ஒருமுறை முகர்ந்து, சீறிவிட்டுப் போகும். போகட்டும். துணியருகே அதற்குப் பிடித்த தீனியில் ஒரு துண்டு வையுங்கள். சில நாட்களில் அந்தத் துணியைக் கால்மிதியைப்போல் தாண்டிப் போகும். நீங்கள் காத்திருந்தது அந்த அலட்சியத்துக்குத்தான். அதேபோல் பெரியதன் வாசனைத் துணி குட்டியின் அறைக்குப் போகட்டும்.

அடுத்தது கதவுச் சாப்பாடு. மூடிய கதவுக்கு இருபுறமும், சில அடிகள் தள்ளி, இரண்டுக்கும் ஒரே நேரத்தில் தட்டு வையுங்கள். உப்பு காரம் சேர்க்காமல் வேகவைத்து முள் நீக்கிய மீனோ கோழியோ, வேறு எந்த நேரத்திலும் கிடைக்காத பண்டமாக இருப்பது உத்தமம். இரண்டும் நிம்மதியாகச் சாப்பிட்டால் மறுநாள் தட்டைக் கொஞ்சம் நெருக்கலாம். சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கதவையே பார்த்தால் தட்டைப் பின்னால் நகர்த்துங்கள். ரஷ்யாவின் பாவ்லோவ் நாய்களிடம் காட்டிய அதே கற்றல் விதிதான் இங்கும் வேலை செய்கிறது. அந்நிய வாடை வரும்போதெல்லாம் மீன் வருகிறது. நாளடைவில் அந்த வாடைக்கே நல்ல பெயர் வந்துவிடுகிறது.

கண்ணால் பார்க்கும் கட்டத்துக்கு நம் வீடுகளில் நல்லதொரு கருவி தயாராக இருக்கிறது: கொசுவலைக் கதவு. குட்டியை முதலில் நன்றாக விளையாடவிட்டு, களைத்த பிறகு வலைக்கு ஒருபுறம் வையுங்கள். மறுபுறம் தள்ளி, பெரியதற்குத் தீனி. சில நிமிடங்கள் போதும். முறைப்பு தொடங்குவதற்கு முன்பே காட்சியை முடித்துவிட வேண்டும். பல நாட்கள் இப்படி அமைதியாகக் கழிந்தால், வலையில்லாமல் ஒரே அறையில், உங்கள் கண்காணிப்பில் சந்திக்கவிடலாம். எதையும் கையில் பிடித்து மற்றதன் முகத்தருகே நீட்டக் கூடாது. அறையில் ஏறிக்கொள்ள உயரமான இடமும் தப்பிப்போக வழியும் இருக்க வேண்டும். இதெல்லாம் முடிய வாரங்கள் ஆகலாம், சில வீடுகளில் மாதங்களும் ஆகலாம். காலண்டரைப் பார்த்து அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்; பெரிய பூனையின் தட்டைப் பாருங்கள்.

சண்டையா, விளையாட்டா?

ஸ்லோவாக்கியாவின் கோஷிட்ஸே நகரிலுள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோயேமா கைதோஷ்-க்மெத்சோவா குழுவினர், இரண்டிரண்டாகப் பழகும் 210 பூனைகளின் 105 வீடியோக்களை அலசி 2023-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சத்தமில்லாமல் கட்டிப் புரண்டால் பெரும்பாலும் விளையாட்டு. குரல் எழுப்புவதும், ஒன்றையொன்று துரத்துவதும் அதிகமானால் பகை. இரண்டுக்கும் நடுவே, விளையாட்டாகத் தொடங்கி முறுகிப்போகும் ஓர் இடைநிலையும் உண்டு என்று கண்டார்கள்.

சீறுவது குற்றமில்லை. 'கிட்டே வராதே' என்ற எச்சரிக்கை அது. அதற்காகப் பெரியதை அதட்டினால், குட்டி வந்தால் திட்டு விழும் என்று அது கற்றுக்கொள்ளும். கவலைப்பட வேண்டியது சத்தமில்லாத மிரட்டலைக் கண்டுதான். ஒன்று லிட்டர் பாக்ஸுக்கு, அதாவது பூனைகளின் கழிப்பறைப் பெட்டிக்கு, போகும் வாசலில் மறித்து உட்கார்ந்திருக்கும். இமை கொட்டாமல் பார்க்கும். மற்றது பாதி வழி வந்து திரும்பிப் போகும். பார்ப்பவர்களுக்கு இரண்டு பூனைகள் சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் தோன்றும்.

வாலை நேரே தூக்கி நடந்து வருவதும், எதிரில் உட்கார்ந்து உடம்பை நக்கிக்கொள்வதும், முதுகைக் காட்டிப் படுப்பதும் நல்ல அடையாளங்கள். காது பக்கவாட்டில் படிந்து, உடம்பு விறைத்து, வால் தரையில் அடித்தால் உடனே பிரிக்க வேண்டும். கையை நடுவில் விட்டால் கடி உங்களுக்கு விழும். தலையணையோ அட்டையோ நடுவே வைத்து மறையுங்கள்.

கிழட்டு மூட்டும் வளரும் துள்ளலும்

நான்கு வார வயதில் தொடங்கும் குட்டிகளின் கூட்டு விளையாட்டு, பதினான்கு வாரம் வரை உச்சத்தில் இருக்கும். பதுங்கிப் பாய்வதும் வாலைக் கடிப்பதும்தான் அந்த வயதின் முழுநேர வேலை. அந்த வேலைக்கு ஆள் வேண்டும்; கிடைப்பது பெரியது.

பெரியதன் உடம்பு அதற்குத் தயாராக இருக்கிறதா? அமெரிக்காவில் 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்த 2002-ஆம் ஆண்டு ஆய்வில், 90 சதவீதத்துக்கு மூட்டுத் தேய்மானத்தின் அடையாளங்கள் தெரிந்தன. பூனை வலியை வெளிக்காட்டாது. இடுப்பில் பாய்ந்த குட்டியை ஓங்கி அறைவதைக் கண்டு 'கிழத்துக்குத் திமிர்' என்போம். குட்டி வருவதற்கு முன்பே பெரியதை ஒருமுறை பரிசோதித்துவிடுவது இதற்காகத்தான். வலி இருந்தால் மருத்துவர் மருந்து தருவார். வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள்; பூனைக்கு அது விஷம்.

குட்டியோடு நீங்களே தினமும் பல தடவை விளையாடி அதன் தெம்பை இறக்குங்கள். பரணுக்கோ ஜன்னல் திண்டுக்கோ பெரியது சிரமமில்லாமல் ஏற ஸ்டூல் போட்டுவையுங்கள். லிட்டர் பாக்ஸ், பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக, வெவ்வேறு இடங்களில் இருக்க வேண்டும். மூன்றையும் ஒரே மூலையில் வைத்தால், ஒரு பூனை வாசலை மறித்தே மூன்றையும் அடைத்துவிடும்.

மன அழுத்தம் பூனையின் சிறுநீர்ப்பையைத் தாக்கும் என்பதை ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டோனி பஃபிங்டன் பல ஆண்டு ஆய்வில் விளக்கியிருக்கிறார். பெரியது அடிக்கடி முக்கினாலோ, சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். ஆண் பூனைக்குச் சிறுநீரே வரவில்லை என்றால் அது அவசரம். மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் கிடந்தாலும் அப்படித்தான். பட்டினி கிடக்கும் பூனையின், குறிப்பாகப் பருமனான பூனையின், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

எது வெற்றி?

இரண்டும் கட்டிப்பிடித்துத் தூங்கும் படங்களைப் பார்த்துவிட்டு அதையே எதிர்பார்ப்பது நம் ஆசை. ஒரு வீட்டில் இரண்டும் தத்தம் நேரத்துக்குச் சாப்பிட்டு, பயமில்லாமல் லிட்டர் பாக்ஸுக்குப் போய்வந்து, எதிரெதிர் மூலையில் நிம்மதியாக உறங்கினால் அறிமுகம் முழு வெற்றி. அதற்கு மேல் நட்பு வந்தால் லாபம்.

'பெரியதுக்குத் துணையாக இருக்கும்' என்று குட்டி தேடுபவர்கள் ஒன்றை யோசித்துக்கொள்ளலாம். நோயோ வலியோ உள்ள முதிய பூனைக்குத் துணை பெரும்பாலும் பாரம்தான். தெருவில் கிடந்த குட்டியைக் காப்பாற்றுவதும், அதை நம் வீட்டிலேயே வைத்துக்கொள்வதும் வேறு வேறு முடிவுகள். தடுப்பூசி போட்டு, ஒரு மாதம் வளர்த்து, பூனை இல்லாத நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்தாலும் குட்டி பிழைத்துக்கொள்ளும். நம் வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவெடுத்தால், பெரியதன் சாப்பாட்டு நேரமும் மடியில் படுக்கும் நேரமும் ஒரு நாள்கூட மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.