கடல் முடித்துவைக்கும் வேலை

மயிலிட்டித் துறைமுகத்தில் இன்று கண்ணாடியிழைப் படகுகள் கட்டி நிற்கின்றன. 1990இல் போரால் இடம்பெயர்ந்த ஊருக்கு 2017 ஜூலையில்தான் துறைமுகப் பகுதி திரும்பக் கிடைத்தது. அந்த இடைவெளியில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் படகு என்றால் அச்சில் வார்த்து எடுக்கும் ஒரே உடல்தான். மூட்டு இல்லை, பலகை இல்லை. மரக்கலத்தின் பெரிய அதிசயம் அவர்கள் கண்ணில் படாமலே போய்விடுமோ என்பது என் கவலை. எத்தனையோ பலகைகளை அருகருகே வைத்து ஆணியறைந்த ஒரு கலம் எப்படி மாதக்கணக்கில் தண்ணீர் புகாமல் மிதந்தது?

மிதந்ததற்குச் சாட்சி தூரத்தில் இல்லை. மயிலிட்டியிலிருந்து கரையோரமாகக் கிழக்கே போனால் வல்வெட்டித்துறை. அங்குள்ள மேத்திரிமார் வேப்பமரத்தில் கட்டிய 89 அடி நீளப் பாய்க்கப்பல் ‘அன்னபூரணி’. அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ரொபின்சன் அதை வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். அதற்குமுன் 32 அடிப் படகு ஒன்றிலேயே வாழ்ந்து உலகைச் சுற்றி வந்தவர் அவர்; கலத்தின் தரம் அறிந்துதான் வாங்கியிருப்பார். 1937இல் புறப்பட்ட அன்னபூரணி, சுயெஸ் கால்வாயையும் அத்திலாந்திக்கையும் கடந்து, 1938 ஆகஸ்ட் 1ஆம் திகதி மசாசுசெற்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. கப்பல் தலைவரான தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும் அதில் இருந்தார்கள்.

இரகசியம் மரத்தின் உடம்பிலேயே இருக்கிறது. தண்ணீரை உறிஞ்சிய மரம் பருக்கும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரேயளவாக அல்ல. நார் ஓடும் நீளவாக்கில் அது கூடுவது கண்ணுக்கே தெரியாது. குறுக்குவாக்கில் நிலைமை வேறு. நன்றாகக் காய்ந்த ஒரு சாண் அகலப் பலகை முழுக்க ஊறினால் அரைச் சென்ரிமீற்றருக்கு மேலும் அகலும். கலத்தின் ஒரு பக்கத்தில் பத்துப் பலகைகள் இருந்தால் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். அகல இடமில்லாத பலகைகள் ஒன்றையொன்று நெரிக்கின்றன. அந்த நெரிப்புத்தான் கடலை வெளியே நிறுத்துகிறது.

எனவே மூட்டுகளை அடைக்கும் கலப்பற்று வேலை வெறும் ஓட்டை அடைப்பல்ல. பஞ்சுத்திரியை உளியாலும் கொட்டாப்புளியாலும் மூட்டுக்குள் அடித்து இறக்கி, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தை மேலே பூசுவார்கள். பஞ்சு குறைந்தால் தண்ணீர் வரும். கூடினால் இன்னும் மோசம்: பலகை பருக்கும்போது ஒதுங்க இடமின்றி ஆணியைப் பிடுங்கும், உள்ளே விலா எலும்புபோல் நிற்கும் வங்குக்காலையே பிளக்கும். எந்த அளவில் நிறுத்துவது என்பதைத் தேர்ந்த கை, கொட்டாப்புளியின் சத்தம் இறுகுவதை வைத்தே அறியும். இவ்வளவு செய்தும் புதுக்கலத்தை இறக்கியதும் தண்ணீர் கசியத்தான் செய்யும். நாட்கள் செல்லச் செல்ல அது தானாகவே அடங்கும். கட்டுமானத்தின் கடைசி வேலையைக் கடல்தான் செய்கிறது.

கலத்திலேயே குடியிருக்கப் போகிறவர்களுக்கு இனிமேல்தான் வேலை. மரக்கலத்தை உளுக்கச் செய்வது கடல்நீரல்ல, மழைநீர். மரத்தை அழுகவைக்கும் பூஞ்சணங்களுக்கு உப்பு ஆகாது. நன்னீரும் காற்றும் கிடைத்தால் கொண்டாட்டம். மேல்தளத்தைச் சுடும் வெயில் பலகைகளைச் சுருக்கி மூட்டைத் திறக்கும், அடுத்த மழை அதனூடே இறங்கும். அதனால்தான் பாய்க்கப்பல்களில் காலையும் மாலையும் மேல்தளத்துக்குக் கடல்நீரை வாளி வாளியாக ஊற்றினார்கள். பலகையும் பருத்தே இருந்தது, பூஞ்சணமும் அண்டவில்லை.

நீருக்கடியில் இருக்கும் எதிரி கப்பற்புழு. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். ஊசிமுனைத் துளை வழியே குஞ்சாக நுழைந்து, தன் சின்னஞ்சிறு ஓட்டால் மரத்தை அரம்போல் அராவி, குடைந்த சுரங்கத்துக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டே வளர்கிறது. தின்ற மரத்தைச் செரிக்க உதவும் நொதிகளை அதன் செவுளில் வாழும் பற்றீரியாக்கள் தயாரித்துக் கொடுக்கின்றன. வெளியே பார்த்தால் பலகை புதுசு போலிருக்கும், உள்ளே சல்லடை. சுறா எண்ணெயும் சுண்ணாம்பும் பூசியதும், பருவம் தவறாமல் கலத்தைக் கரைக்கு இழுத்துக் காயவிட்டதும் இதற்கெதிரான போர்தான்.

பிறகு குடிதண்ணீர். சமையலும் சேர்த்து ஆளுக்கு நாளைக்கு நாலு லீற்றர் என்றால், ஐந்து பேருக்கு இரண்டு மாதத்துக்கு 1,200 லீற்றர், ஒரு தொன்னுக்கு மேல். அந்தப் பாரம் அடியில் இருக்கும்வரை கலம் சாய்ந்தாலும் நிமிரும். ஆனால் குடிக்கக் குடிக்க அடிபாரம் குறையும். காலிப் பீப்பாய்களில் கடல்நீரை நிரப்பியாவது பழைய மாலுமிகள் அதை ஈடுசெய்தார்கள்.

கிழமைக்கணக்கில் கடலில் தங்கும் இன்றைய பலநாள் படகுகளுக்கும் இதே கணக்கு உண்டு. டீசல் எரிகிறது, ஐஸ் உருகுகிறது, மீன் ஏறுகிறது; பாரம் நாளுக்கு நாள் இடம் மாறுகிறது. இதில் பாதி நிரம்பிய தொட்டிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். படகு சாயும் பக்கமே உள்ளிருக்கும் திரவமும் ஓடிச் சேர்ந்து சாய்வைக் கூட்டும். பெரிய தொட்டிகளுக்குள் படகின் நீளவாக்கில் தடுப்புகள் வைப்பது அதற்காகத்தான்.