உங்களுக்குத் தெரியுமா? – பதிப்புரிமை: எது சொந்தம், எது பொது?

எழுதியவரின் உழைப்பும் வீண்போகக் கூடாது. நல்ல கருத்து நாலு பேருக்குப் போய்ச் சேரவும் வேண்டும். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இரண்டையும் பார்க்கிறது.

● கதைக் கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது. பஞ்சாபிக் குடும்பம், தென்னிந்தியக் குடும்பம், நடுவே ஒரு காதல். ‘ஹம் ஹிந்துஸ்தானி’ நாடகத்தின் கரு ‘நியூ டெல்லி’ (1956) இந்திப் படத்திலும் இருந்ததால் நாடக ஆசிரியர் வழக்குப் போட்டார். கரு ஒன்றானாலும் சொன்ன விதம் வேறு என்று 1978இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

● கதையை எழுதிய உடனேயே உரிமை உங்களுடையது. பதிவு கட்டாயமில்லை, செய்துவைத்தால் வழக்கு என்று வரும்போது சான்றாக உதவும்.

● மீன்குழம்புக்குப் புளி எவ்வளவு, மிளகாய்த்தூள் எவ்வளவு என்ற அளவுகள் எல்லாருக்கும் பொது. சமையல் நூலாசிரியர் தம் நடையில் எழுதிய செய்முறை விளக்கம் அவருக்கே சொந்தம்.

● காசு கொடுத்து எடுக்கச் சொன்ன கல்யாணப் படங்களின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே, ஸ்டுடியோவுக்கு அல்ல.

● மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் பேண்டு வாத்தியக்காரர்கள் சினிமாப் பாட்டு வாசிப்பது உரிமை மீறல் ஆகாது. சட்டத்தின் 52ஆம் பிரிவே விலக்கு தருகிறது.

● திருக்குறள் பொதுச் சொத்து. அதற்கு இன்று ஒருவர் எழுதும் உரையோ அவர் ஆயுள் முழுவதும், மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் காக்கப்படும். முன்பு இது 50 ஆண்டுகள்தான். தாகூர் நூல்களின் உரிமைக் காலம் முடிந்த தறுவாயில், 1992இல், 60 ஆக்கினார்கள்.

● பாரதி பாடல்களுக்கு நாம் அத்தனை காலம் காத்திருக்கவில்லை. 1949இல் ஓமந்தூரார் ஆட்சியில் சென்னை மாகாண அரசு உரிமையை வாங்கியது. பிறகு அவை மக்களுக்கே பொதுவாயின.

● ‘நன்றி: இணையம்’ என்று போட்டுவிட்டு ஒருவரின் கட்டுரையை அப்படியே அச்சிடுவது தவறு. எழுதியவரைக் கேட்டே ஆக வேண்டும். விமர்சனத்துக்காகச் சில வரிகளை எடுத்துக்காட்டத் தடையில்லை.

● பார்வையற்ற மாணவருக்காக ஒரு நூலைப் பிரெய்லில் மாற்றித் தரவோ, படிப்புக்காக ஒலிவடிவில் பதிந்து கொடுக்கவோ அனுமதி கேட்க வேண்டியதில்லை. 2012 திருத்தம் தந்த நல்வாய்ப்பு இது. லாப நோக்கமின்றி யாரும் செய்யலாம். தெரிந்த ஆசிரியர்களுக்குச் சொல்லுங்கள்.