முதலில் வியாபாரி, பிறகுதான் லீடர்

தி.நகர் ஓட்டல் ஹால்களில் விடுமுறை நாட்களில் நடக்கும் நெட்வொர்க் மார்க்கெட்டிங் கூட்டங்களில் அதிகம் காதில் விழும் வார்த்தை ‘ஆட்டிட்யூட்’. சரக்கைப் பற்றிக் கொஞ்சம் பேசுவார்கள், மனப்பான்மையைப் பற்றி நிறையப் பேசுவார்கள். பெரிதாகக் கனவு காணுங்கள், ‘இதெல்லாம் சரிப்படாது’ என்கிறவர்களை விட்டு விலகுங்கள், உங்களைச் சேர்த்துவிட்ட ‘அப்லைன்’ சொல்வதை அப்படியே செய்யுங்கள், தோற்றவர்கள் எல்லாம் பாதியில் விட்டவர்கள் என்று அது போகும்.

மனப்பான்மை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. நாலு வீட்டில் கதவைச் சாத்திய பிறகும் ஐந்தாவது வீட்டு மணியை அடிக்கத் துணிச்சல் வேண்டும்தான். ஆனால் மேடையில் சொல்லித்தரும் மனப்பான்மைக்கும் இந்தத் தொழிலுக்கு நிஜமாகத் தேவைப்படுவதற்கும் தூரம் அதிகம். ‘தோற்றவர்கள் எல்லாம் பாதியில் விட்டவர்கள்’ என்ற வாக்கியத்தையே பாருங்கள். தோற்றால் தப்பு உங்களுடையது என்று அது முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடுகிறது. திட்டத்தில் கோளாறு இருக்கிறதா என்ற கேள்விக்கே இடமில்லை.

மயிலாப்பூர், மாம்பலம் பக்கம் வீட்டிலிருந்தே புடவை விற்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். மொத்த விலைக்கு எடுத்து வந்து அக்கம்பக்கத்தாருக்குத் தவணையில் கொடுப்பார்கள். யாருக்கு எவ்வளவு பாக்கி என்று நோட்டு இருக்கும். சாயம் போனால் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவார்கள். வாங்க வருகிறவரைப் பார்த்து, “நீங்களும் புடவை விற்க ஆரம்பியுங்கள்” என்று ஒருநாளும் சொல்ல மாட்டார்கள். தெருவில் எல்லோருமே விற்க வந்துவிட்டால் வாங்குவது யார் என்பது அவர்களுக்குத் தெரியும். நெட்வொர்க் மார்க்கெட்டிங்கில் இறங்குகிறவருக்கு வேண்டியது இந்த வியாபாரப் புத்திதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நீங்கள் ஐந்து பேரைச் சேர்க்கிறீர்கள், அவர்கள் ஒவ்வொருவரும் ஐந்து பேரைச் சேர்க்கிறார்கள் என்றுதான் பலகையில் வட்டம் போட்டு ‘ப்ளான்’ காட்டுவார்கள். மூன்றாவது நிலையில் 125 பேர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒன்பதாவது நிலையில் 19,53,125 பேர். பன்னிரண்டாவது நிலைக்கு மட்டும் 24 கோடிப் பேருக்கு மேல் வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே 7.21 கோடிதான். கடைசியில் சேர்ந்தவருக்கு எவ்வளவு உயர்ந்த மனப்பான்மை இருந்தாலும் சேர்ப்பதற்கு ஆள் இருக்காது. அதனால் ஆள் சேர்ப்பில் வரும் வருமானத்தை நம்பி இறங்கக் கூடாது. சங்கிலிக்கு வெளியே இருக்கும் ஒருவர், கமிஷன் ஆசை எதுவும் இல்லாமல், அந்தப் பொருளை அந்த விலைக்கு வாங்குவாரா? இதற்கு ‘ஆம்’ என்று பதில் இருந்தால்தான் அது வியாபாரம். அமெரிக்காவில் 1979-ல் ஆம்வே வழக்கில் அந்நாட்டு வர்த்தக ஆணையம் இதே போன்ற விஷயங்களைத்தான் பார்த்தது. வாங்கிய சரக்கைப் பெருமளவு விற்றாக வேண்டும், வெளி வாடிக்கையாளர்கள் இருக்க வேண்டும், விற்காததை நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற விதிகள் இருந்ததால், அது ஆள் சேர்ப்பையே நம்பி ஓடும் சட்டவிரோதப் பிரமிடுத் திட்டம் ஆகாது என்று முடிவு செய்தது.

நம் நாட்டில் ‘இது வியாபாரமா, வெறும் ஆள் சேர்ப்பா’ என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. 2008-ல் தங்க நாணயங்களை வைத்து ஆள் சேர்த்த க்வெஸ்ட்நெட் மீது சென்னைப் போலீஸ் நடவடிக்கை எடுத்தது. 2022 ஏப்ரலில் ஆம்வே இந்தியாவின் ரூ.757.77 கோடி சொத்துகளை அமலாக்கத் துறை முடக்கியது. திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள அதன் ஆலையும் அதில் அடக்கம். பொருளின் பெயரில் ஆள் சேர்ப்பு நடந்தது என்பது துறையின் குற்றச்சாட்டு. சட்டப்படியே நடந்துகொள்வதாக நிறுவனம் சொல்கிறது. இப்படிப்பட்ட ஆள் சேர்ப்பைத் தடுக்க 1978-ன் பணச்சுழற்சித் திட்டத் தடைச் சட்டம் இருக்கிறது. அதோடு, 2021 டிசம்பர் 28-ல் அறிவிக்கப்பட்ட நேரடி விற்பனை விதிகள் பிரமிடுத் திட்டங்களை வெளிப்படையாகத் தடை செய்கின்றன. ‘நாலு பேரைச் சேர்த்துவிட்டால் போட்ட காசு திரும்ப வந்துவிடும்’ என்று ஆசை காட்டிப் பொருளை வாங்கவைப்பதும் அந்த விதிகளின்படி கூடாது.

புதிதாகச் சேர்ந்தவருக்கு முதலில் கொடுக்கும் வேலை, தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரை எழுதுவது. சித்தப்பா, பள்ளித் தோழி, பழைய மேனேஜர், மாடி வீட்டு மாமி என்று எழுதிக்கொண்டே போக வேண்டும். அடுத்து போன். “ஒரு முக்கியமான விஷயம் பேசணும் மாமி, போன்ல வேண்டாம், நேர்லயே வரேன்.” விஷயம் என்ன என்பதை மட்டும் சொல்லக் கூடாது என்று பயிற்சி. இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பழக்கம், விதிக்கும் பொருந்தாது. நேரடி விற்பனையாளர் முன் அனுமதி பெற்று, அடையாள அட்டையோடு போக வேண்டும். பேச்சை எடுக்கும்போதே தன் பெயர், நிறுவனம், பொருள், வந்த நோக்கம் எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்று 2021 விதிகள் சொல்கின்றன. மாமியிடம், “நான் இந்தக் கம்பெனி சோப்பு விற்கிறேன், வந்து காட்டலாமா?” என்று கேட்டால் அவர் ‘வேண்டாம்’ என்று சொல்லக்கூடும். சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். அடுத்த நவராத்திரிக்கும் அவர் உங்களை வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ளக் கூப்பிட வேண்டும்.

அதைவிட அவசியம் கணக்கு. கமிஷனுக்கான பாயிண்ட் குறையாமல் இருக்க மாதம் ரூ.5,000-க்குச் சரக்கு எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். அதில் ரூ.2,000-க்கு விற்றுவிட்டீர்கள், மீதி வீட்டு அலமாரியில் இருக்கிறது. கூட்டத்துக்கு டிக்கெட் ரூ.500, ஆட்டோவுக்கு ரூ.600. கமிஷன் ரூ.700 வந்தது. கைக்கு வந்தது ரூ.2,700, கையை விட்டுப் போனது ரூ.6,100. கமிஷன் காசோலையை மட்டும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறவர் இதைக் கவனிக்க மாட்டார். நோட்டில் வரவும் செலவும் எழுதுகிறவர் மூன்றாவது மாதமே தெரிந்துகொள்வார், தொடரலாமா கூடாதா என்று. கணக்கு பார்த்து நிறுத்துகிறவரை ‘நெகட்டிவ்’ என்று ஒதுக்குகிற கூட்டத்தில் அவர் இருக்கவும் வேண்டாம்.

சேருவதாக இருந்தால் எழுத்துபூர்வமான ஒப்பந்தம் கேளுங்கள். கையெழுத்திட்ட பிறகும் விலகிக்கொள்ள அவகாசம் உண்டு. அது எத்தனை நாள், விற்காத சரக்கை எந்த நிபந்தனையில் திரும்ப எடுப்பார்கள் என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எந்த அப்லைன் எவ்வளவு உற்சாகமாகப் பேசினாலும், நகையை அடகு வைத்துச் சரக்கு எடுக்காதீர்கள்.